மிதித்தால் ஊளையிடும் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேகமெடுக்கும்போது காரில் எழும் இரைச்சலைப் பற்றித்தான் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பேசுகின்றன. சத்தத்தைத் தாளில் எழுதிக் காட்டுவது கடினம் என்பதால் ஒருவர் ‘ஊய்’ என்றும், ஒருவர் ‘வண்டு முரல்வதுபோல்’ என்றும், இன்னொருவர் ‘பக்கத்து வீட்டு மிக்ஸி’ என்றும் எழுதியிருக்கிறார்கள். எந்தச் சொல்லும் தவறில்லை. ஆனால் பழுதைக் கண்டுபிடிக்க, சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட அது எதைத் தொடர்ந்து ஏறி இறங்குகிறது என்பதே அதிகம் உதவும். இன்ஜின் சுற்றைத் தொடர்கிறதா, சக்கரத்தின் வேகத்தைத் தொடர்கிறதா, அல்லது உங்கள் வலது காலைத் தொடர்கிறதா என்று பார்த்து எழுதியவர்களின் கடிதங்களையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): எட்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் என்னுடையது. முன்சக்கர இயக்கம், கையால் கியர் மாற்றும் வண்டி, 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஏழு மாதங்களுக்கு முன் கிளட்ச் மாற்றினேன். இரண்டு மாதங்களாக, 40 கி.மீ. வேகத்தைத் தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்தால் ‘ஊய்ய்’ என்று ஒரு சத்தம் கிளம்பி, வேகம் ஏற ஏறக் கூர்மையாகிறது. காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. ஐந்தாவது கியரில்தான் அதிகம். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எவ்வளவு முறுக்கினாலும் சத்தமே இல்லை. ஒரு பட்டறையில் பெல்ட்டையும் ஐட்லர் புல்லியையும் (பெல்ட்டைத் தாங்கிச் சுற்றும் சிறு உருளை) மாற்றினார்கள், இன்னொன்றில் ஆல்டர்னேட்டரை (பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் கருவி) கழற்றி பேரிங் போட்டார்கள், இரண்டிலும் பலனில்லை. மூன்றாமவர், கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், 35,000 ரூபாய் ஆகும் என்கிறார். பிரிக்கச் சொல்லிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கியர்பாக்ஸுக்குள் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு எழுந்த ஐயம் அதுதான். அதற்கான காரணங்கள் எல்லாம் நீங்கள் எழுதியவற்றிலேயே இருக்கின்றன.

ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், ஏ.சி. கம்ப்ரசர், ஐட்லர் புல்லி ஆகியவை இன்ஜின் சுற்றினால் சுற்றுபவை; வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது. சக்கரம், வீல் பேரிங், டயர், டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) ஆகியவை வண்டி நகர்ந்தால் மட்டுமே சுற்றுபவை. இன்ஜின் எந்தச் சுற்றில் இருந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. ஒரு காலை இன்ஜினிலும் மறு காலைச் சக்கரத்திலும் வைத்துக்கொண்டு நடுவில் நிற்பது கியர்பாக்ஸ். ஆகவே வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, ஏ.சி.யையும் முன்விளக்கையும் எரியவிட்டு, நியூட்ரலில் 1,000 சுற்றிலிருந்து 3,000 சுற்றுவரை மெதுவாக ஏற்றிப் பார்த்தால், முதல் கூட்டத்தைச் சேர்ந்த எதுவும் தன் குரலை மறைக்க முடியாது. நீங்கள் நிறுத்திவைத்து முறுக்கினால் சத்தமில்லை என்கிறீர்கள். அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் பெல்ட்டும் புல்லியும் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் அப்படியே இருந்திருக்கும், உங்கள் பணமும் இருந்திருக்கும். இரண்டு பட்டறைகளிலும் வேலையில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர்கள் செய்த வேலை இந்தச் சத்தத்துக்கு உரியதல்ல, அவ்வளவுதான்.

அடுத்தது, காலை எடுத்ததும் அடங்கிவிடுவது. கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், நீங்கள் மிதிக்கும்போது அவை ஒன்றையொன்று சுழற்றுவதோடு நில்லாமல், ஷாஃப்ட்டை அதன் நீளவாக்கிலும் பக்கவாட்டிலும் தள்ளுகின்றன. அந்தத் தள்ளுதலைத் தாங்கி நிற்பவை பேரிங்குகள். பேரிங் சற்றுத் தேய்ந்திருந்தாலோ, பல்லின் முகத்தில் ஆயில் படலம் மெலிந்திருந்தாலோ, பற்கள் கடிக்க வேண்டிய இடத்தில் கடிக்காமல் மயிரிழை விலகிக் கடிக்கும். அதுதான் ஊளையாக வெளிவருகிறது. காலை எடுத்தால் சக்கரம் இன்ஜினை இழுக்கத் தொடங்கும். அப்போது பல்லின் மறுபக்க முகம் வேலை செய்வதால் சத்தம் மறைகிறது. டயர் இப்படி நடந்துகொள்ளாது. வீல் பேரிங்கும் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றுக்கு உங்கள் கால் மிதிக்கிறதா எடுத்ததா என்பதில் பெரிய அக்கறை இல்லை.

சத்தத்தின் சுருதியும் இதையே சொல்கிறது. இன்ஜின் 2,400 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 40 சுற்று. அதே வேகத்தில் சுற்றும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் 12 பற்கள் கொண்ட ஒரு கியர் இருப்பதாக வைத்துக்கொண்டால், விநாடிக்கு 480 முறை பல்லோடு பல் கடிக்கிறது. தெளிவாக, பாட்டுச் சுருதிபோலக் கேட்கும் ஒலி அது. சாதாரணச் சிறிய காரின் டயரோ 60 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்பது சுற்றுதான் சுற்றுகிறது. அதனால்தான் வீல் பேரிங் ‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் முனகுகிறது, கியர் ‘ஊய்’ என்று உச்சத்தில் ஊளையிடுகிறது.

இனி, ஐந்தாவது கியர். முன்சக்கரங்களால் ஓடும் பல கார்களில் ஐந்தாவது கியர் ஜோடி, பெட்டியின் முக்கிய அறைக்கு வெளியே, ஓரத்தில் ஒரு மூடிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும். மற்ற கியர்கள் ஆயிலில் நனைந்தபடி சுற்றும்போது, அதற்கு மட்டும் ஆயில் வாரியடித்தோ வழிந்தோதான் போய்ச் சேர வேண்டும். மட்டம் குறைந்தால் முதலில் தாகத்தில் தவிப்பது அதுவே. மட்டம் ஏன் குறைய வேண்டும் என்ற கேள்விக்கு உங்கள் கிளட்ச் வேலை பதிலாக இருக்கலாம். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போது இரண்டு பக்கத்து டிரைவ் ஷாஃப்ட்டுகளையும் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகள்) உருவி எடுப்பார்கள். திரும்பச் செருகும்போது ஷாஃப்ட்டின் நுனி ஆயில் சீலின் ரப்பர் உதட்டைக் கீறிவிட்டாலோ, உதட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் வளையம் நழுவிவிட்டாலோ, அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, ஓடும்போது காற்றில் சிதறி, நிறுத்துமிடத்தில் கறைகூட வைக்காமல் மாதக்கணக்கில் குறையும். வேலை முடிந்து எவ்வளவு ஆயில் ஊற்றினார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

பார்க்கும் முறை இது. பல கியர்பாக்ஸுகளில் அளவுக்கம்பி இருக்காது; பக்கவாட்டில் ஒரு திருகு மூடி இருக்கும், அதுவே ஊற்றும் வாயும் அளவு பார்க்கும் வாயும் ஆகும். வண்டியை லிஃப்டில் ஏற்றியோ நான்கு மூலையிலும் ஸ்டாண்ட் வைத்தோ சமமட்டமாக நிறுத்த வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிப் பார்த்தால் மட்டம் பொய் சொல்லும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிருக்கும் ஆபத்து. மூடியைத் திறந்ததும் ஆயில் துளையின் கீழ் விளிம்புவரை நிற்க வேண்டும். சுண்டுவிரலை மடக்கி உள்ளே விட்டால் நுனி நனைய வேண்டும். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: ஆயிலை வடிக்க நினைத்தால் அடியில் இருக்கும் வடிமூடியைத் தொடுவதற்கு முன் ஊற்றும் மூடி திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்த ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு, ஊற்றும் மூடி துருப்பிடித்து அசையாமல் கிடப்பதைக் கண்டு விழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் இளம் வயதில் நானும் ஒருவன்.

வடிமூடியில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். மைபோல் வழவழவென்ற சாம்பல் நிறக் குழம்பு இயல்பானது. நகத்தில் தட்டுப்படும் துகளோ, ஊசிபோன்ற சிம்போ, உடைந்த பல்லின் சில்லோ இருந்தால் மூன்றாமவர் சொன்னது சரி. பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். ஆயிலை உங்கள் வண்டியின் கையேட்டில் குறித்த ரகத்தில்தான் ஊற்ற வேண்டும். கையால் மாற்றும் கியர்பாக்ஸுகள் பலவற்றுக்கு ஜிஎல்-4 தரம் குறிப்பிடப்பட்டிருக்கும். கடைக்காரர் ‘இது அதைவிட ஒசத்தி’ என்று ஜிஎல்-5 ஆயிலைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் அதிகமாகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையங்களின் பித்தளையை அரிக்கக்கூடும்.

இந்தப் பதிலை அச்சுக்கு முன்பே வாசகருக்கு அனுப்பியிருந்தேன். அவர் எழுதிய மறுகடிதத்தில், 2.2 லிட்டர் இருக்க வேண்டிய பெட்டியிலிருந்து ஒரு லிட்டரைச் சற்றே தாண்டித்தான் ஆயில் வந்தது என்றும், இடது ஷாஃப்ட்டின் சீல் ஓரமாகக் கிழிந்திருந்தது என்றும், காந்தத்தில் குழம்பு மட்டுமே இருந்தது என்றும் தெரிவிக்கிறார். இரண்டு சீல்களையும் மாற்றிப் புது ஆயில் ஊற்றிய பிறகு மற்ற கியர்களில் சத்தம் போய்விட்டது. ஐந்தாவதில் மட்டும் 80 கி.மீ.க்கு மேல் மெல்லிய இழைபோல் இன்னும் கேட்கிறதாம். ஆயில் இல்லாமல் ஓடிய நாள்களில் அந்த ஜோடியின் பல்முகம் சற்றுத் தேய்ந்திருக்கும்; அது திரும்ப வளராது. 5,000 கி.மீ. கழித்து மட்டத்தையும் காந்தத்தையும் மீண்டும் பாருங்கள். சத்தம் கூடாமல் இருந்தால் அந்த இழையோடு பல ஆண்டுகள் ஓட்டலாம். கூடினால், ஐந்தாவது கியரின் மூடி ஓரத்தில் இருக்கும் வண்டிகள் சிலவற்றில் பெட்டியை இறக்காமலே அந்த ஜோடியை மட்டும் மாற்ற முடியும் என்பதை உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (போடிநாயக்கனூர் வாசகர்): மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்கும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன், பின்சக்கர இயக்கம். பின்பக்க ஹவுசிங்கில் ஆயில் கசிந்ததால் பினியன் ஆயில் சீல் மாற்றினேன். மறுநாளிலிருந்து 50 முதல் 70 கி.மீ. வேகத்தில் மிதிக்கும்போது பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது. பின் அச்சில் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியன் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: சீல் மாற்றிய மறுநாளே தொடங்கிய சத்தம் என்றால், சந்தேகம் முதலில் அந்த வேலையின் மேல்தான் விழ வேண்டும்; அதுவரை நன்றாக ஓடிய பற்கள் ஓர் இரவில் தேய்ந்துபோவதில்லை. பினியன் ஷாஃப்ட்டை இரண்டு கூம்பு பேரிங்குகள் தாங்குகின்றன. பல வண்டிகளில் அவற்றுக்கிடையே நசுங்கிக்கொடுக்கும் ஒரு மெல்லிய உலோகக் குழாய் இருக்கும். வெளியே உள்ள நட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு அந்தக் குழாய் நசுங்கி, பேரிங்குகளின் மேல் ஒரு குறிப்பிட்ட இறுக்கத்தை நிலைநிறுத்தும். சீலை மாற்ற அந்த நட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றுமுன் நட்டிலும் ஷாஃப்ட்டிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டு, எத்தனை புரி வெளியே தெரிகிறது என்று எண்ணிக்கொண்டு, அதே நிலைக்குத் திரும்பக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. அப்படிச் செய்யாமல் நீண்ட குழாயை ஸ்பானரில் செருகி ‘நன்றாக இறுக்கிவிட்டால்’, குழாய் கூடுதலாக நசுங்கி, பேரிங் பிடித்துக்கொண்டு சூடாகும். ஒரு முறை நசுங்கிய குழாய் நட்டைத் தளர்த்தினாலும் நிமிராது. புதிதாகத்தான் போட வேண்டும். நட்டைக் குறைவாக இறுக்கியிருந்தாலோ, பினியன் முன்னும் பின்னும் ஆடி, மிதிக்கும்போது ஒரு சத்தமும் காலை எடுக்கும்போது வேறொரு சத்தமும் தரும்.

இருபது கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்தி, ஹவுசிங்கின் மூக்குப் பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுசென்று பாருங்கள். அருகே போகவே முடியாத அளவு அனல் அடித்தால், மலையில் சுமையேற்றுவதை உடனே நிறுத்திவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள். சரியாகச் செய்பவர் ஷாஃப்ட்டைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசையை டார்க் மீட்டரில் அளந்து, கையேட்டில் குறித்த அளவு வரும்வரை நட்டைச் சிறிது சிறிதாக இறுக்குவார். பற்களைச் சோதிக்க வேண்டுமென்றால் அதற்கும் முறை இருக்கிறது: கிரவுனின் நாலைந்து பற்களில் குறிப்புச் சாயத்தைத் தடவிச் சுழற்றி, பினியன் பல் எங்கே பதிகிறது என்று பார்க்க வேண்டும். பதிவு பல்லின் நடுவில் விழுந்தால் பற்கள் சரி. இதைப் பார்க்காமலே புது ஜோடி வாங்கச் சொல்பவரிடம், வாங்கிய பிறகு இதையெல்லாம் அளந்துதான் பொருத்துவாரா என்று கேளுங்கள். அளக்கத் தெரிந்தவராக இருந்தால் பழைய ஜோடியையே முதலில் அளந்திருப்பார். ஒருவேளை மாற்ற நேர்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனெனில் அவை ஒன்றோடொன்று தேய்த்து இணைசேர்க்கப்பட்டவை. ஆயில் விஷயத்தில் திண்டுக்கல் வாசகருக்குச் சொன்னதற்கு நேர்மாறு: இவ்வகை கிரவுன், பினியனில் பற்கள் உருள்வதோடு வழுக்கியும் உரசுவதால் ஜிஎல்-5 தரமே வேண்டும். கியர்பாக்ஸுக்கு வாங்கி மீந்ததை இதில் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): மழைக்காலக் காலையில் வண்டியைக் கிளப்பியதும், ஏ.சி. போட்டு மிதித்ததும் ‘கீச்ச்ச்’ என்ற சத்தம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. பெல்ட்டில் சோப்பு தடவினால் போகும் என்கிறார்களே?

பதில்: போகும், அடுத்த மழைவரை. சோப்பு, பவுடர், மெழுகு எதுவாக இருந்தாலும் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே வழுக்கலைக் கூட்டுமே தவிரக் காரணத்தைத் தொடாது. சில நாளில் அதில் தூசி சேர்ந்து இன்னும் உரக்கக் கத்தும்.

இது ஊளை அன்று, கீச்சொலி. பெல்ட் சறுக்குகிறது அல்லது கோணலாக ஓடுகிறது என்று பொருள். எது என்று அறிய, இன்ஜின் சும்மா ஓடி, சத்தம் வந்துகொண்டிருக்கும்போது, பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரைப் பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் பீய்ச்சிப் பாருங்கள். சத்தம் உடனே கூடினால் இழுவிசை போதவில்லை, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கும். சில விநாடி அடங்கிப் பிறகு திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை. வெடிப்பு இல்லையே, பெல்ட் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாறவும் வேண்டாம். இப்போதைய பெல்ட்டுகள் செய்யப்படும் ரப்பர் பழையதுபோல் எளிதில் வெடிப்பதில்லை; டயர்போல் வரிகள் தேய்ந்து, பள்ளம் அகன்று, புல்லியின் அடியைத் தொடத் தொடங்கும்.

சறுக்கல் போன பிறகும் இன்ஜின் சுற்றோடு சேர்ந்து ஏறும் ஊளை மிஞ்சினால் அது ஏதாவது ஒரு பேரிங். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டரின் உடல், ஐட்லரின் நடு போல்ட், தண்ணீர் பம்ப்பின் உடல் என ஒவ்வொன்றின் மேலும் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேளுங்கள். கெட்டுப்போன பேரிங் மணலை அரைப்பதுபோல் நேராகக் காதுக்குள் இரையும். வேட்டி நுனி, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் பெல்ட் அருகே போகக் கூடாது. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியாக இருந்தால் அதன் ஆயில் டப்பாவையும் திறந்து பாருங்கள். ஆயில் குறைந்தோ மோர்போல் நுரைத்தோ இருந்தால் பம்ப் காற்றைக் குடித்து முனகுகிறது என்று அறியலாம், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த முனகல் கனக்கும்.

கேள்வி (விருதுநகர் வாசகர்): நான்குவழிச் சாலையில் 60 கி.மீ.க்கு மேல் விமானம் போவதுபோல் ஒரு முனகல். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாலும் போகவில்லை. டயரா, பேரிங்கா?

பதில்: நியூட்ரலிலும் தொடர்வதால் இன்ஜினையும் கியர்களையும் விட்டுவிடலாம். (இந்தச் சோதனையைச் செய்பவர்கள் சமதளமான, ஆளில்லாத சாலையில் மட்டும் செய்யுங்கள், சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்க வேண்டாம். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் நின்றுவிடும்.) நீண்ட வளைவில் கேளுங்கள்: வலப்பக்கம் வளையும்போது வண்டியின் எடை இடச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது முனகல் கூடி, இடப்பக்கம் வளையும்போது குறைந்தால் இடது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். எதிராக இருந்தால் வலது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றும்போது சுருள் கம்பியின் மேல் இன்னொரு கையை லேசாக வைத்துக்கொண்டால், காதுக்குக் கேட்காத சொரசொரப்புகூட விரலுக்குத் தெரியும்.

தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் பகுதிக்கு மாறும்போது சத்தத்தின் குணம் மாறினால் டயர்தான். உள்ளங்கையை டயரின் மேல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு முறையும், திருப்பி ஒரு முறையும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் மீன்செதில்போல் உறுத்தலாகவும் இருந்தால் சக்கர அலைன்மென்ட் தவறி டயர் அரைபட்டிருக்கிறது. முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டால் சத்தமும் பின்னால் போய் உறுதிசெய்யும். பேரிங் என்றே முடிவானால், சுத்தியலால் அடித்து ஏற்றுபவரிடம் போகாதீர்கள். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து, அதுவும் வெளி வளையத்தை மட்டும் அழுத்தி ஏற்ற வேண்டும். உள் வளையத்தைத் தள்ளி ஏற்றினால் குண்டுகள் பாதையில் பள்ளம் விழுத்தி, புது பேரிங் முதல் நாளே முனகத் தொடங்கும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அது சென்சாரைப் பார்த்தபடி அமைய வேண்டும்.

கேள்வி (மேட்டுப்பாளையம் வாசகர்): டீசல் கார். குன்னூர் ஏறும்போது மிதித்தால் பெரிய விசில் சத்தமும், பின்னால் கரும்புகையும். பிக்கப்பும் குறைந்துவிட்டது. டர்போ போய்விட்டதா?

பதில்: விசில், கரும்புகை, பிக்கப் குறைவு என மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் நான் டர்போவைக் கடைசியில்தான் பார்ப்பேன். டர்போ அமுக்கி அனுப்பும் காற்று இன்ஜினை அடைவதற்கு முன், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் குழாயில் எங்கோ கிழிசல் வழியாகவோ தளர்ந்த கிளிப் வழியாகவோ வெளியேறுகிறது. டீசல் வருகிறது, காற்று போதவில்லை, எரியாத கரி புகையாகிறது. மெல்லிய விசில் டர்போவுக்கு இயல்பு. அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் பொருள். குழாய்களின் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருக்கும் இடத்தைத் தேடுங்கள், மடிப்புகளைக் கையால் விரித்துப் பாருங்கள். வண்டி சும்மா ஓடும்போது குழாயில் அழுத்தம் எழுவதில்லை என்பதால் பட்டறையில் நிறுத்திவைத்துக் கேட்டால் சத்தம் வராது. குழாய்க்குள் வெளியிலிருந்து காற்றழுத்தமோ புகையோ செலுத்திச் சோதிக்கச் சொல்லுங்கள். விசில் மாறி ஆம்புலன்ஸ் சைரன்போல் ஏறி இறங்கினாலும், வெண்நீலப் புகை வந்தாலும் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். அப்போது கேட்பது டர்போவேதான்.

கேள்வி (கோவை வாசகர்): புதிதாக ஆம்ப்ளிஃபயர் பொருத்தினேன். அன்றிலிருந்து மிதித்தால் ஸ்பீக்கருக்குள்ளிருந்தே ‘ஈஈ’ என்று சத்தம் ஏறுகிறது. பாட்டை நிறுத்தினாலும் கேட்கிறது.

பதில்: இன்ஜினில் பழுது தேட வேண்டாம், கேட்பது ஆல்டர்னேட்டரின் மின்னோட்ட அலை. ஆம்ப்ளிஃபயரின் எர்த் கம்பியைப் பெயின்ட் பூசிய தகட்டின்மேல் திருகியிருப்பார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை உலோகம் தெரியும் இடத்தில், முடிந்தவரை குட்டையான கம்பியால் இறுக்குங்கள். பேட்டரி கம்பியும் ஒலிக் கம்பியும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால் காரின் இரு ஓரங்களுக்குப் பிரித்துவிடுங்கள். அதன்பிறகும் இருந்தால், இன்ஜின் ஓட, பேட்டரி முனைகளில் மல்ட்டிமீட்டரை மாறுமின்னோட்ட (ஏ.சி.) வோல்ட்டில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு ஒன்று பழுதாகியிருக்கும்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் ஊளைச் சத்தம் வருகிறது. நான் தவறாக ஓட்டுகிறேனா?

பதில்: இல்லை. முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் ஒரு பல் விலகும் முன்பே அடுத்தது மெல்லச் சேர்ந்துகொள்கிறது. பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு மட்டும் நேராக வெட்டிய பற்கள் இருக்கும்; ஒவ்வொரு பல்லும் முழு அகலத்தோடு ஒரே நேரத்தில் மோதுவதால் சத்தம் வரும். கிளட்சை முழுதாக மிதித்து, வண்டி முற்றிலும் நின்ற பிறகு ரிவர்ஸ் போடுகிறீர்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போடும் அந்த நொடியில் ‘கரக்’ என்று கேட்டால் அது கிளட்ச் முழுமையாக விடுபடாததால் இருக்கலாம்.